பழைய அமெரிக்க பிரஸ்டு கிளாஸ்: கையில் எடுத்தது முதல் அலமாரியில் வைப்பது வரை ஒரு முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவின் எந்த ஆன்டிக் கடைக்குள் போனாலும் ஓர் அலமாரி நிறைய பூவும் கொடியும் நட்சத்திரமும் புடைத்து நிற்கும் கண்ணாடிப் பாத்திரங்கள் இருக்கும். புதிதாக வருகிறவர்கள் ஒன்றை எடுப்பார்கள், போனில் படம் பிடிப்பார்கள், டிசைனின் பெயரைத் தேடுவார்கள். பெயர் கிடைத்ததும் முகம் மலர்ந்துவிடும். பணமும் கைமாறிவிடும்.

சிக்கல் அங்கேதான். இந்தப் பாத்திரத்தில் காப்பியடிக்க மிகச் சுலபமானது டிசைன்தான். ஒரு புது அச்சு வெட்டினால் போதும். கண்ணாடியின் கலவை, செய்த முறை, அடியில் விழுந்த தேய்மானம் ஆகியவற்றைப் போலியாகச் செய்வது அதைவிடக் கடினம். அதனால் கடினமானதை முதலில் பாருங்கள், பெயரைப் பிறகு தேடுங்கள். கீழே உள்ள படிகளின் வரிசை இந்தக் காரணத்துக்காகத்தான். மாற்றிச் செய்தால், பெயர் தெரிந்த மயக்கத்தில் மற்றதெல்லாம் சரியாக இருப்பதாகவே கண்ணுக்குப் படும்.

இங்கே பேசுவது ஏறத்தாழ 1820களின் கடைசியிலிருந்து 1910 வரை அமெரிக்காவில் அச்சில் அழுத்திச் செய்த (அதுதான் ‘பிரஸ்டு’) சாப்பாட்டு மேசைப் பாத்திரங்களைப் பற்றி மட்டும்.

1. கிளம்பும் முன் பையில் இருக்க வேண்டியவை

பத்து மடங்கு பெரிதாக்கும் சிறு பூதக்கண்ணாடி. அங்குலம் போட்ட அளவு நாடா. வெள்ளை வெளிச்சம் தரும் சாதாரண டார்ச். 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச். ஒரு மெல்லிய துணி. அவ்வளவுதான்.

புற ஊதா டார்ச் வாங்கும்போது கவனம். மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் 395 நானோமீட்டர். அவற்றின் ஊதா வெளிச்சமே பாத்திரத்தின் மேல் படர்ந்து, மெல்லிய ஒளிர்வை மூடிவிடும். யுரேனியம் கலந்து, பளீரென்று பச்சையாக ஒளிரும் கண்ணாடியைக் கண்டுபிடிக்க அது போதும். ஆனால் 5ஆம் படியில் நமக்கு வேண்டியது அதைவிட மங்கலான ஒரு பச்சை. எந்த டார்ச் ஆனாலும் கண்ணுக்கு நேரே அடிக்காதீர்கள்.

மோதிரம், கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டுவிடுங்கள். கடையில் உடைந்தால் உங்கள் கணக்கில்தான் எழுதுவார்கள்.

2. இது எந்தப் பாத்திரம்?

டிசைன் பக்கமே போகாமல், உருவத்தை மட்டும் பாருங்கள். ஒரே டிசைனில் இருபது முப்பது வகைப் பாத்திரங்கள் வந்திருக்கும். அவற்றில் சில எங்கும் கிடைக்கும், சில அரிது. உருவம் தெரியாமல் விலை பேச முடியாது.

அந்தக் காலத்து அமெரிக்க வீட்டில் அடிப்படை செட் என்பது நான்கு உருப்படி: மூடியுள்ள வெண்ணெய்த் தட்டு, மூடியுள்ள சர்க்கரைக் கிண்ணம், பால் ஊற்றும் கிரீமர், கரண்டிகளை நிமிர்த்தி வைக்கும் ஸ்பூனர். இந்தக் கடைசி உருப்படியில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். ஸ்பூனரைப் பூ ஜாடி என்பார்கள், இல்லாவிட்டால் மூடி தொலைந்த சர்க்கரைக் கிண்ணம் என்பார்கள். வேறுபாடு விளிம்பில் இருக்கிறது. மூடி உட்கார வேண்டிய கிண்ணத்தில் வாய்க்கு உள்பக்கம் ஒரு சிறு படி இருக்கும், அல்லது விளிம்பு ஒரே சமமாக இருக்கும். ஸ்பூனரின் விளிம்போ பெரும்பாலும் வளைந்து வளைந்து அலை போலப் போகும். அலைவிளிம்பில் மூடி உட்காராது.

உயரமான, கைப்பிடியில்லாத இன்னொன்று செலரி ஜாடி. செலரித் தண்டுகளை மேசை நடுவில் நிறுத்தி வைப்பதற்கானது. அதையும் பூ ஜாடி என்றுதான் விற்பார்கள். காலுள்ள கோப்பைகளில் சுமார் 6 அங்குலம் இருப்பது தண்ணீருக்கான கோப்லெட், 4 அங்குலத்தை ஒட்டியது ஒயினுக்கு, அதைவிடச் சிறியது கார்டியல் என்ற இனிப்பு மதுவுக்கு. சுமார் 3 முதல் 3½ அங்குலமுள்ள குட்டித் தட்டு கிடைத்தால், அது கப் பிளேட்டாக இருக்கலாம். தேநீரைச் சாசரில் ஊற்றிக் குடித்த காலத்தில், ஈரக் கப்பை மேசை விரிப்பில் படாமல் வைக்க உதவியது அது.

3. உள்ளே விரலை ஓட்டுங்கள்

அழுத்திச் செய்ததா, ஊதிச் செய்ததா, வெட்டிச் செய்ததா என்பது அடுத்த கேள்வி. உருகிய கண்ணாடி உருண்டையை இரும்பு அச்சுக்குள் போட்டு, மேலிருந்து ஒரு பிளஞ்சரை, அதாவது அழுத்தும் உலக்கையை, நெம்புகோலால் இறக்குவார்கள். வெளிப்பக்கம் அச்சின் உருவத்தை எடுக்கும், உள்பக்கம் பிளஞ்சரின் உருவத்தை எடுக்கும். அதனால் வெளியே எவ்வளவு மேடுபள்ளம் இருந்தாலும் உள்ளே வழவழவென்று இருக்கும். அச்சுக்குள் ஊதிய கண்ணாடியில் வெளியே மேடாக இருக்கும் இடம் உள்ளே பள்ளமாக இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு விரலை விட்டாலே தெரிந்துவிடும்.

வெட்டுக் கண்ணாடியில் டிசைனின் முனைகள் விரலை லேசாக உறுத்தும். அழுத்தியதில் முனை சற்று மழுங்கியிருக்கும். அப்புறம் அச்சுக்கோடு: அச்சின் பாகங்கள் சேரும் இடத்தில் மெல்லிய கோடு விழும். அதை மறைக்கப் பாத்திரத்தை மறுபடி நெருப்பில் காட்டி மெருகேற்றுவார்கள். அதனால் உடலில் கோடு தெரியாமல் போகலாம். காலிலும் அடித்தட்டிலும் தேடுங்கள்.

கோடுகளை எண்ணி வயது சொல்லும் வழக்கம் ஒன்று இருக்கிறது. “மூன்று கோடு இருந்தால் பழசு” என்பார்கள். நம்ப வேண்டாம். அச்சை எத்தனை பாகமாகப் பிரிப்பது என்பது பாத்திரத்தின் உருவத்தைப் பொறுத்தது. நேற்றுச் செய்த கோப்பையிலும் மூன்று கோடு இருக்கும்.

4. கவிழ்த்து அடியைப் பாருங்கள்

மூடி இருந்தால் முதலில் அதை எடுத்துத் தனியாக வையுங்கள். மூடியோடு கவிழ்ப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன், கடைக்காரரின் முகத்தையும் சேர்த்து.

அடியின் நடுவில் உடைந்த தழும்பு போலவோ, வட்டமாகத் தேய்த்து மெருகிட்டது போலவோ இருந்தால் அது பான்டில் தடம். பாத்திரத்தை இரும்புக் கம்பியில் ஒட்டிப் பிடித்து வேலை முடித்த அடையாளம். 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து, காலைக் கவ்விப் பிடிக்கும் கருவி பழக்கத்துக்கு வந்து இந்தத் தடத்தைக் குறைத்துவிட்டது. எனவே தடம் இருப்பது பழமைக்குச் சாதகமான ஒரு குறிப்பு. அதுவே தீர்ப்பு அல்ல, கையால் செய்யும் புதுக் கண்ணாடியிலும் அது வரும்.

தீர்ப்புக்கு இன்னும் நெருக்கமானது தேய்மானம். பூதக்கண்ணாடியை அடித்தட்டில் வைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள். நூறு வருடம் மேசையில் இழுபட்ட பாத்திரத்தில் மயிரிழைக் கீறல்கள் கண்டபடி, எல்லாத் திசையிலும் கிடக்கும். நீளமும் ஆழமும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. முக்கியமாக, மேசையைத் தொடும் இடத்தில் மட்டும்தான் இருக்கும். உட்குழிவான அடியென்றால் வெளி வளையத்தில் மட்டும். கீறல்கள் ஒரே திசையில் சீராக ஓடினாலோ, மேசையைத் தொடவே முடியாத குழிக்குள் இருந்தாலோ, யாரோ உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். மூடியுள்ள பாத்திரத்தில் மூடி உட்காரும் இடத்திலும் தேய்மானம் இருக்கிறதா என்று பாருங்கள். போலி செய்பவர்கள் பெரும்பாலும் அதை மறந்துவிடுவார்கள்.

5. ஃபிளின்டா, சோடாவா?

இந்தப் படிதான் காலத்தை இரண்டாகப் பிரிக்கிறது. ஆரம்ப காலத்து நல்ல பாத்திரங்கள் ஈயம் கலந்த கண்ணாடி, சேகரிப்பவர்கள் வாயில் ‘ஃபிளின்ட்’. 1864இல் மேற்கு வர்ஜீனியாவின் வீலிங் நகரில், ஹாப்ஸ் பிராக்கூனியர் தொழிற்சாலையின் வில்லியம் லைட்டன், ஈயமில்லாமலே தெளிவாக வரும் சோடா–சுண்ணாம்புக் கலவையைச் சரிப்படுத்தினார். உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது, ஈயம் தோட்டாவுக்குப் போனது. புதுக் கலவை மலிவு, சீக்கிரம் இறுகியதால் வேலையும் வேகம். சில ஆண்டுகளில் பெரும்பாலான தொழிற்சாலைகள் அதற்கு மாறிவிட்டன. ஆகவே ஃபிளின்ட் என்றால் அநேகமாக 1860களோ அதற்கு முன்போ என்று கொள்ளலாம்.

எடை: ஒரே அளவுள்ள இரண்டு கோப்லெட்களை இரு கைகளில் எடுங்கள். ஃபிளின்ட் கனமாக இருக்கும்.

ஓசை: காலை மட்டும் பிடித்துக்கொண்டு விளிம்பை நகத்தால் மெல்லச் சுண்டுங்கள். சந்தையில் மண்பானையைத் தட்டிப் பார்ப்பது போலத்தான். ஃபிளின்ட் கணீரென்று ஒலித்து, ஓசை சில நொடி இழையும். சோடாக் கண்ணாடி ‘டொக்’ என்று நின்றுவிடும். கிண்ணப் பகுதியைக் கையால் பொத்திப் பிடித்தால் எந்தக் கண்ணாடியும் ஒலிக்காது. புதியவர்கள் செய்யும் முதல் தவறு இது. தடித்த உப்புக் கிண்ணம், கப் பிளேட், குறுகிய வாய் ஜாடி ஆகியவை ஈயம் கலந்திருந்தாலும் ஒலிப்பதில்லை. விரிசல் விட்ட ஃபிளின்டும் ஒலிக்காது. ஆக, ஓசை வந்தால் பெரும்பாலும் ஃபிளின்ட், வராவிட்டால் ஒன்றும் சொல்ல முடியாது.

வெளிச்சம்: இருட்டான மூலையில் புற ஊதா டார்ச்சை அடியுங்கள். மங்கலான பச்சை தெரிந்தால், மங்கனீசு சேர்த்த சோடாக் கண்ணாடியாக இருக்கலாம். மணலில் உள்ள இரும்பு கண்ணாடிக்குப் பச்சை நிறம் தரும். அதைப் போக்க, முதல் உலகப் போர்க் காலம்வரை மங்கனீசை வெகுவாகச் சேர்த்தார்கள். ஈயக் கண்ணாடி இந்த டார்ச்சுக்குப் பெரிதாக அசையாது. குறு அலைப் புற ஊதா விளக்கில்தான் அதன் வெளிர்நீலம் தெளிவாகத் தெரியும். பளீரென்று எலுமிச்சைப் பச்சையாக எரிந்தால் அது யுரேனியம் கண்ணாடி. எரிவதால் மட்டும் அது பழசாகிவிடாது. யுரேனியம் கலந்து 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் ஏராளமாகச் செய்திருக்கிறார்கள்.

இதே மங்கனீசுதான் வருடக்கணக்கில் வெயில் பட்டால் மெல்லிய ஊதாவாக மாறுகிறது. சில வியாபாரிகள் கதிர்வீச்சில் வைத்து அடர்ந்த கத்தரிப்பூ நிறத்துக்குக் கொண்டுவந்து, “வெயிலில் வந்த நிறம்” என்று விலையேற்றி விற்கிறார்கள். என்னைக் கேட்டால் அது பாழான பாத்திரம். நிறம் அவ்வளவு அடர்த்தியாக இருந்தால் கீழே வைத்துவிடுங்கள்.

6. இப்போது டிசைனின் பெயரைத் தேடலாம்

தொழிற்சாலைகள் பல டிசைன்களுக்கு எண் மட்டுமே கொடுத்தன. இன்று புழங்கும் பெயர்களில் பல, 20ஆம் நூற்றாண்டில் சேகரிப்பவர்கள் சூட்டியவை. ஒரே டிசைனுக்கு இரண்டு மூன்று பெயர் இருப்பதற்குக் காரணம் இதுதான். ஒரு பெயரில் கிடைக்காவிட்டால் அரிதான பொருள் என்று துள்ள வேண்டாம்.

படத்தை வைத்துத் தேடும் முன் உங்கள் சொல்லில் எழுதிக்கொள்ளுங்கள்: முக்கிய உருவம் என்ன, பின்னணி வெறுமையா, புள்ளியிட்டதா, வரியிட்டதா, கொடி ஒன்றா இரண்டா, அடியில் கதிர் இருக்கிறதா, மூடியின் குமிழ் என்ன. உதாரணத்துக்கு பெல்ஃபிளவர்: உடல் முழுக்க நெருக்கமான செங்குத்து வரிகள், அவற்றின் மேல் வளைந்து ஓடும் கொடி, இலை, மணி போன்ற பூ. கொடி ஒற்றையா இரட்டையா என்பதை வைத்தே தனி வகையாகப் பிரிக்கிறார்கள். “பூப்போட்ட கோப்பை” என்று தேடினால் ஆயிரம் வரும். மேலே சொன்னபடி தேடினால் நாலைந்தில் முடியும்.

பொடிப் புள்ளிகள் நிறைந்த பின்னணியில் சரிகை போன்ற வேலை இருந்தால் அது ‘லேசி’ வகை, பெரும்பாலும் 1850க்கு முன். மாசசூசெட்ஸின் சாண்ட்விச் ஊரில் டெமிங் ஜார்வ்ஸ் 1825இல் தொடங்கிய தொழிற்சாலை இதற்குப் பேர்போனது. விளைவு, எதைப் பார்த்தாலும் “சாண்ட்விச்” என்று சீட்டு ஒட்டிவிடுகிறார்கள். பிட்ஸ்பர்க் பக்கமும் மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜிலும் இதே வேலை நடந்தது. போதாக்குறைக்கு 20ஆம் நூற்றாண்டில் ஆங்கர் ஹாக்கிங், இண்டியானா கிளாஸ் போன்ற கம்பெனிகள் ‘சாண்ட்விச்’ என்ற பெயரிலேயே டிசைன் போட்டு விற்றன. சீட்டைப் படிக்காமல் 3, 4, 5ஆம் படிகளில் பார்த்ததை நினைத்துக்கொள்ளுங்கள்.

எந்தக் கம்பெனி என்ற கேள்விக்குச் சில சமயம் ஒற்றைப் பதில் கிடையாது. 1891இல் பல தொழிற்சாலைகள் சேர்ந்து யுனைடெட் ஸ்டேட்ஸ் கிளாஸ் கம்பெனி ஆயின. அச்சுகள் இடம் மாறின, பழைய டிசைன்கள் புது இடத்திலும் வந்தன.

7. மறுபதிப்பா என்று சோதியுங்கள்

டிசைன் தெரிந்ததும் அடுத்த கேள்வி: இதைப் பிற்காலத்தில் யாராவது மறுபடி செய்தார்களா? 1930களிலிருந்து நிறையச் செய்தார்கள். மேற்கு வர்ஜீனியாவின் எல்.ஜி. ரைட் கம்பெனி புது அச்சுகள் செய்வித்து, பழைய டிசைன்களில் பல பத்தாண்டுகள் விற்றது. ஏமாற்ற வேண்டும் என்று செய்தவை என்று எல்லாவற்றையும் சொல்ல முடியாது. ஆனால் கை மாறி மாறி வரும்போது ‘பாட்டி வீட்டுப் பொருள்’ ஆகிவிடுகிறது.

பார்க்க வேண்டியவை மூன்று.

நிறம். மூன் அண்ட் ஸ்டார் டிசைனை 1880களில் பிட்ஸ்பர்க்கின் ஆடம்ஸ் கம்பெனி போட்டபோது அது நிறமற்ற கண்ணாடி. இன்று கடைகளில் குவிந்திருக்கும் ஆரஞ்சு, நீலம், பச்சை எல்லாம் 20ஆம் நூற்றாண்டுச் சரக்கு. டெய்ஸி அண்ட் பட்டன் என்ற இன்னொரு டிசைனின் கதை வேறு. அது பழைய காலத்திலேயே பல நிறங்களில் வந்தது. அதனால் நிறத்தை மட்டும் வைத்து அதை ஒதுக்க முடியாது.

பனிப்பூச்சு போன்ற மங்கல் பகுதி. மூன்று பெண்முகங்கள் தண்டாக நிற்கும் த்ரீ ஃபேஸ், மூடியின் மேல் அமெரிக்கப் பூர்வகுடி ஒருவர் மண்டியிட்டிருக்கும் வெஸ்ட்வார்ட் ஹோ ஆகிய இரண்டையும் பலர் மறுபடி செய்திருக்கிறார்கள். பழையதில் அந்த மங்கல் பட்டுத்துணி போல வழுவழுப்பாக, சற்றுச் சாம்பல் சாயலில் இருக்கும். புதியதில் சுண்ணாம்பு பூசியது போல வெள்ளையாக, விரலுக்குச் சொரசொரப்பாக இருக்கும். அப்புறம் முகத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். பழையதில் தலைமயிர் இழை இழையாகப் பிரிந்திருக்கும், இமையும் உதடும் தெளிவாக இருக்கும். புதியதில் எல்லாம் கொஞ்சம் கரைந்தது போலத் தோன்றும். அடியில் எம்எம்ஏ (MMA) என்ற எழுத்துகள் இருந்தால் அது நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்துக்காகச் செய்த நேர்மையான மறுபதிப்பு.

பொறித்த ஆண்டு. இதில் ஏமாறுபவர்கள் அதிகம். ஃபாஸ்டோரியா கம்பெனியின் காயின் வரிசையில் நாணய வட்டத்துக்குள் 1887 என்று பளிச்சென்று இருக்கும். அந்த வரிசை வந்தது 1958இல்! 1887 கம்பெனி தொடங்கிய ஆண்டு. வீலிங்கில் 1892இல் செய்த பழைய யு.எஸ். காயின் பாத்திரங்கள் வேறு. அவற்றில் இருப்பவை உண்மையான அமெரிக்க நாணயங்களின் உருவங்கள்.

8. மூளி, விரிசல், வேறு வீட்டு மூடி

விளிம்பைச் சுற்றி விரல் நுனியை மிக மெதுவாக ஓட்டுங்கள். கண்ணுக்குத் தப்பும் மூளி விரலுக்குத் தப்பாது. வேகமாக ஓட்டினால் ரத்தம் பார்ப்பீர்கள்.

பாத்திரத்துக்குள் மயிரிழை போல ஒரு கோடு தெரிந்தால் உடனே விரிசல் என்று விட்டுவிடாதீர்கள். அச்சில் போடும்முன் கண்ணாடி உருண்டையைக் கத்தரியால் வெட்டுவார்கள். அந்த வெட்டுத் தடம் ஆறிப்போய்க் கோடாக நிற்கும். ‘ஸ்ட்ரா மார்க்’ என்பார்கள். வெளிச்சத்துக்கு எதிரே பாத்திரத்தை மெல்லத் திருப்புங்கள். விரிசல் ஒரு கோணத்தில் கண்ணாடிச் சில்லு போல மினுக்கென்று ஒளி விடும், ஏனென்றால் உள்ளே ஒரு தளமே பிளந்திருக்கிறது. ஸ்ட்ரா மார்க் எந்தக் கோணத்திலும் மினுங்காது. மேற்பரப்பில் சுருக்கம் போலக் கிடக்கும். அதனால் விலை குறைய வேண்டியதில்லை.

மூளியை மறைக்க விளிம்பையே தேய்த்துக் குறைப்பதும் உண்டு. நாடாவை எடுக்க வேண்டிய இடம் இது. கோப்லெட்டின் உயரம் வழக்கத்தைவிடக் கால் அங்குலம் குறைவு, விளிம்பு தட்டையாக, ஓரம் கூராக இருக்கிறது என்றால் தேய்த்திருக்கிறார்கள். நெருப்பில் மெருகேறிய பழைய விளிம்பு உருண்டையாக இருக்கும்.

மூடி அதே பாத்திரத்துடையதா என்று பார்க்க, உட்காரவைத்து மெல்லத் தட்டுங்கள். ஆடக் கூடாது. பிறகு இரண்டையும் புற ஊதா வெளிச்சத்தில் அருகருகே வையுங்கள். ஒன்று பச்சையாக ஒளிர்ந்து மற்றது சும்மா இருந்தால் இரண்டும் வேறு வேறு வீடு.

உள்ளே வெண்படலம் படிந்திருந்தால் விரலை நனைத்துத் தடவுங்கள். ஈரத்தில் மறைந்து, காய்ந்ததும் திரும்பி வந்தால் அது பெரும்பாலும் அழுக்கல்ல, கண்ணாடியே அரித்துப்போயிருக்கிறது. எந்தச் சோப்பும் அதைப் போக்காது. கடைக்காரர் “ஊறவைத்தால் போயிடும்” என்பார். போய்விடுமென்றால் அவரே ஊறவைத்திருப்பார்.

9. விலை

இணையத்தில் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், விற்றுப்போன விலையைப் பாருங்கள். ஈபேயில் அதற்கென்று தனி வடிகட்டி இருக்கிறது. உருவம், டிசைன், நிறம், பழுது ஆகிய நான்கும் உங்கள் பாத்திரத்தோடு பொருந்துவதை மட்டும் கணக்கில் எடுங்கள். தபாலில் வாங்கினால் மூடியைத் தனியாகச் சுற்றி, பெட்டிக்குள் பெட்டி வைத்து அனுப்பச் சொல்லி முதலிலேயே எழுதிவிடுங்கள்.

10. கழுவுவதும் வைப்பதும்

டிஷ்வாஷர் வேண்டவே வேண்டாம். சூட்டில் ஃபிளின்ட் விரிசல் விடும், பொன்முலாமும் சிவப்புப் பூச்சும் உரிந்துபோகும்.

பிளாஸ்டிக் தொட்டியில் துண்டை விரித்து, வெதுவெதுப்பான தண்ணீரும் சில சொட்டு மென்மையான சோப்பும் போட்டு, ஒவ்வொன்றாகக் கழுவுங்கள். குளிர்ந்த அறையிலோ காரிலோ இருந்து வந்த பாத்திரத்தை அறைச் சூட்டுக்கு வரவிட்டுத்தான் தண்ணீரில் வைக்க வேண்டும். அலசும் தண்ணீரும் அதே சூட்டில் இருக்கட்டும். கையில் பிடிக்கும்போது கைப்பிடியையோ தண்டையோ நம்பாமல் உடலைத் தாங்கிப் பிடியுங்கள். புள்ளி வேலைக்குள் சேர்ந்த அழுக்குக்கு மிருதுவான பல்துலக்கி போதும்.

நன்றாகக் காயவிட்டுத்தான் அலமாரியில் ஏற்ற வேண்டும். ஈரத்தோடு மூடிவைத்தால், முன்பு சொன்ன வெண்படலம் உங்கள் வீட்டிலேயே தொடங்கும். கோப்லெட்களைக் கவிழ்த்து வைக்காதீர்கள், எடை முழுவதும் மெல்லிய விளிம்பில் இறங்கும். ஒன்றுக்குள் ஒன்று அடுக்கவும் வேண்டாம். ஃபிளின்ட் ஜாடியில் மதுவோ எலுமிச்சைச் சாறோ ஊறுகாயோ ஊற்றி நாள்கணக்கில் வைக்கக் கூடாது, ஈயம் கரைந்து இறங்கும். சோடாக் கண்ணாடி கோப்லெட் என்றால் விருந்தாளிக்குத் தாராளமாகக் குளிர்ந்த தண்ணீர் கொடுக்கலாம், கொதிக்கும் காபி மட்டும் ஊற்ற வேண்டாம்.